நடுவில் வெளுத்த தாள்

காலை எட்டேகால் மணிக்கு அந்தத் தாளைக் குப்பைக்கூடையில் பார்த்தேன். கூடையைக் கிளறுவது என் வேலை இல்லை. பேனா மூடி கைதவறி உள்ளே விழுந்துவிட்டது. மூடிக்காகக் குனிந்தவள் தாளோடு நிமிர்ந்தேன்.

எங்கள் பிரிவு மருத்துவமனையின் அடித்தளத்தில் இருக்கிறது. மேலே அறுவை செய்கிறவர்களுக்கு வேண்டிய கத்தி, கத்தரி, துணி எல்லாவற்றையும் கழுவி, கட்டாகக் கட்டி, நீராவி மெஷினுக்குள் வைத்து, கிருமி நீக்கி அனுப்புவது எங்கள் பொறுப்பு. தினமும் காலையில் முதல் வேலையாக ஒரு துணிக்கட்டின் நடுவில் சோதனைத் தாளை வைத்துப் பெரிய மெஷினை ஓட்டுவார்கள். தாள் முழுக்க ஒரே கறுப்பாக வந்தால் நீராவி கட்டின் உள்வரை போயிருக்கிறது என்று அர்த்தம். நடுவில் வெளுத்திருந்தால் காற்று உள்ளேயே தங்கிவிட்டது, கிருமி செத்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. கட்டின் மேல் ஒட்டுகிற டேப் சூடு பட்டாலே நிறம் மாறிவிடும், அதை நம்பி ஒன்றும் செய்ய முடியாது. தாளைத்தான் நம்ப வேண்டும்.

என் கையில் இருந்த தாளின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெளுப்பு.

ஓடிப்போய் ஃபைலைத் திறந்தேன். இன்றைய தேதி போட்ட தாள் அங்கே பத்திரமாக இருந்தது. கன்னங்கரேலென்று, ஒரு குறையும் இல்லாமல். அப்படியானால் கூடையில் கிடந்தது எது? மேலே ஒன்பது மணிக்கு ஒருவருக்கு இடுப்பு மூட்டு மாற்றப் போகிறார்கள். அதற்கான கட்டுகள் ஏழரைக்கே லிஃப்டில் ஏறிவிட்டன.

நான் இந்தப் பிரிவுக்குத் தலைவியாகி நான்கு மாதம். இந்த நான்கு மாதத்தில் எங்களால் ஓர் அறுவைகூடத் தாமதமாகவில்லை. போன வாரக் கூட்டத்தில் இயக்குநர் அதைச் சொல்லி என்னை எழுந்து நிற்கச் சொன்னார், எல்லோரும் கைதட்டினார்கள். புகழ்ச்சி தன் தலைக்கு ஏறாது என்கிறவர்களை நான் நம்புவதில்லை. எனக்கு நன்றாகவே ஏறியிருந்தது. இப்போது மேலே போன் செய்து நிறுத்தச் சொல்லி, கடைசியில் இது ஏதோ பழைய தாள் என்று ஆகிவிட்டால் மருத்துவமனையே சிரிக்கும். நிறுத்தாமல் விட்டு, ஒரு மனிதரின் எலும்புக்குள் கிருமி போய்விட்டால்?

அண்ணிக்குப் போன் செய்தேன்.

என் அண்ணனின் மனைவி. வயதில் என்னைவிட இரண்டு வருடம் சின்னவர், உறவில் பெரியவர், வாயில் எல்லோரையும்விடப் பெரியவர். ஒரு பஸ் டிப்போவை நடத்துகிறார். கல்யாணமான புதிதில் எங்கள் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். இந்தப் பதவி வந்த அன்று, பயத்தில் அவர் வீட்டுச் சமையலறையில் நின்று நான் அழுதபோது, ஆறுதல் சொல்லாமல் என்னைக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். அன்றிலிருந்து கஷ்டம் என்றால் என் விரல் தானாக அவர் நம்பருக்குப் போகும்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கேட்டேன். "நிறுத்தட்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க அண்ணி."

"அத நான் எப்படிச் சொல்றது? எனக்குத் தெரிஞ்ச மெஷின் பஸ்ஸு ஒண்ணுதான்." பின்னால் ஏதோ வண்டி உறுமியது. "இந்த மாசம் எத்தன பேர் உன்கிட்ட வந்து, இது சரியில்லன்னு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. எல்லாம் ஒழுங்காத்தான் போயிட்டிருந்துச்சு."

"ஒருத்தர்கூடவா இல்ல?"

"இல்ல."

"எங்கிட்ட தொண்ணூறு வண்டி. புகார் நோட்டு ஒரு நாள் காலியா இருந்தா, சாப்பாட்ட அப்படியே மூடி வெச்சிட்டு ஷெட்டுக்குப் போயிடுவேன். வண்டிங்க திடீர்னு நல்லாயிடாது. மனுஷங்கதான் வாய மூடிப்பாங்க. நீ யார் வாய மூடின? யோசி."

எனக்குக் கோபம் வந்தது. "நேரமில்ல அண்ணி! நாப்பது நிமிஷந்தான் இருக்கு!"

"அதனாலதான் சொல்றேன். யார் பண்ணாங்கன்னு கேக்காத. கேட்டா எல்லாரும் ஒரே கதையச் சொல்வாங்க. உன் தப்பு எதுவோ அத முதல்ல நீ சொல்லு. சொல்லிட்டு வாய மூடிட்டு நில்லு. அதான் உனக்கு வராது." போனை வைத்துவிட்டார்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். என் முதுகு எனக்குத் தெரிந்தது, ஆனால் நான் திரும்பிப் பார்க்கவில்லை. காலையில் சோதனைக்கு முன்னால் மெஷினை ஒருமுறை வெறுமனே ஓட்டிச் சூடாக்குவது இங்கே பழக்கம். அரை மணி நேரம் வீண் என்று வந்த இரண்டாவது மாதமே அதை நான் நிறுத்தினேன். இருபது வருடமாகக் கட்டுக் கட்டி டேப் ஒட்டுகிற பெண்மணி, எல்லோருக்கும் அவர் டேப்பக்கா, என் அறை வாசலில் வந்து நின்றார். சூடாகாத மெஷினில் தாள் வெளுத்துத்தான் வரும், அப்புறம் நிஜக் கோளாறு எது, குளிர் எது என்று தெரியாது என்றார். "பழக்கத்தையெல்லாம் என்கிட்ட காட்டாதீங்க, நேரத்துக்கு வேலைய காட்டுங்க" என்றேன், அத்தனை பேர் காதிலும் விழும்படி. இரண்டு பேர் சிரித்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

கட்டுக் கட்டும் அறைக்குப் போனேன். டேப்பக்கா, மெஷின் ஓட்டுகிறவர், கருவி எண்ணுகிற சின்னப் பெண், மூன்று பேரும் இருந்தார்கள். என் கையில் இருந்த தாளைப் பார்த்ததும் மூன்று பேர் முகமும் சுவராகிவிட்டது. யார் இதைப் போட்டது என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"வெறும் ஓட்டத்த நிறுத்தச் சொன்னது நான். அக்கா வந்து சொன்னாங்க. கேக்காம, எல்லார் முன்னாடியும் அவங்கள அவமானப்படுத்தினேன். அது என் தப்பு. இப்ப எனக்கு உண்மை வேணும். யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டேன்."

அப்புறம் வாயை மூடினேன். அண்ணி சொன்னது சரிதான், எனக்கு அது வராது. சுவர்க் கடிகாரத்தில் எட்டு இருபத்தொன்பது. முப்பது. மூன்று முறை பேச வாயெடுத்தேன். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எட்டு முப்பத்தொன்று.

டேப்பக்கா எழுந்து தன் லாக்கரைத் திறந்தார். துணிப்பையிலிருந்து ஒரு கட்டுத் தாள்களை எடுத்து என் முன்னால் பரப்பினார். ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி. எல்லாம் நடுவில் வெளுத்தவை.

"வெறும் ஓட்டம் நின்னதுலேர்ந்தே அப்பப்ப லேசா வெளுக்கும். பதினோரு நாளா தினமும் இப்படித்தான்" என்றார். "முதல் தடவ வெளுத்து வரும். மெஷின் சூடானப்புறம் திரும்ப ஓட்டினா கறுப்பா வந்துடும். அத ஃபைல்ல வெச்சிடுவோம். ஆனா பாருங்க, அந்த வெளுப்பு நாளுக்கு நாள் பெரிசாவுது."

நாணயம் அளவில் ஆரம்பித்து உள்ளங்கை அளவுக்கு வந்திருந்தது. குளிர்ந்த மெஷின் அப்படிச் செய்யாது. எங்கேயோ காற்று உள்ளே கசிகிறது.

"இன்னிக்கு ரெண்டாவது தடவ?"

மெஷின்காரர் தரையைப் பார்த்தார். "வெளுத்துதான் வந்துச்சு மேடம். நேத்தும் அப்படித்தான்."

"அப்ப ஃபைல்ல இருக்கறது?"

"போன மாசம் சில நாள் ரெண்டு தாள் வெச்சு ஓட்டினோம். தேதி போடாம மிச்சம் இருந்துச்சு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள், நான் அந்தச் சோற்றைப் பாராட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். கத்த வேண்டும்போல் இருந்தது. "ஏங்க்கா என்கிட்ட சொல்லல? அவ்வளவு பயமா?"

"பயமெல்லாம் இல்லம்மா" என்றார் டேப்பக்கா. "சொல்லி என்ன ஆகப்போவுதுன்னுதான்."

அவர் என்னைக் கத்தியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மேலே போன் செய்தேன். நோயாளி மேஜைக்கு வந்துவிட்டார், மயக்க ஊசி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார் நர்ஸ். "ஊசி போட வேண்டாம். எங்க கட்டு ஒண்ணையும் பிரிக்க வேண்டாம்" என்றேன். போன் கைமாறியது. அறுவை மருத்துவரின் குரல் அடித்தளம் வரை போன் இல்லாமலே கேட்டிருக்கும். "உங்க கட்டுக்காக நான் காத்திருக்கணுமா?"

"ஆமா டாக்டர். சின்ன மெஷின்ல திரும்ப வெச்சுத் தரேன். மூணு மணி நேரம் ஆகும்."

அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஆனால் ஊசி போடவில்லை.

மெஷினின் கதவு ரப்பர் ஓரிடத்தில் கிழிந்திருந்ததை மெக்கானிக் பத்து மணிக்குக் கண்டுபிடித்தார். இன்றைய கதை அதோடு முடிந்தது. நேற்றைய கதை முடியவில்லை. நேற்று அந்த மெஷினில் இருந்து போன கட்டுகளை வைத்து ஆறு பேருக்கு அறுவை நடந்திருந்தது.

இயக்குநர் ஃபைலைத்தான் முதலில் புரட்டினார். "நேத்து தாள் சரியாத்தானே இருக்கு?" என்றார். சொல்லும்போதே, வெளியே யாராவது கேட்கிறார்களா என்பதுபோல அவர் கண் கதவுப் பக்கம் போனது. டேப்பக்கா என் வாசலில் நின்றபோது அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். அது பழைய தாள் சார், இதுதான் நேற்றையது என்று வெளுத்ததை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கடைசியில், "மருந்து உடனே ஆரம்பிச்சிடலாம். அந்த ஆறு பேர்கிட்ட யார் சொல்றது?" என்றார்.

"நான் சொல்றேன் சார்."

சொல்வது எளிது. மாலை நாலரைக்குத்தான் முதல் கட்டிலுக்குப் போக எனக்குக் கால் வந்தது. ஒரு தையல்காரம்மா, முழங்காலில் அறுவை. நான் யாரென்று தெரியாமலே கட்டைக் காட்டிச் சிரித்தார். "டிரெஸ்ஸிங் மாத்தும்போது பாத்தேன். தையல் கோணலா இருக்கு. நான் போட்டிருந்தா நேரா போட்டிருப்பேன்."

உட்கார்ந்து சொன்னேன். எந்தப் பூச்சும் இல்லாமல், என் தப்பையும் சேர்த்து. அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"எனக்கு ஏதாவது ஆயிடுமா?"

"ஆகாம இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனா உறுதியாச் சொல்ல முடியாது. மருந்து ஆரம்பிச்சாச்சு. காய்ச்சல் வருதான்னு ஒரு வாரம் பாக்கணும்."

"நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே. இப்ப நான் எப்படித் தூங்கறது?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்து வெளியே வந்தேன். அடுத்த அறைக் கதவின் கைப்பிடியைப் பிடித்தேன், திருக முடியவில்லை. நடைபாதையில் நின்று அண்ணிக்குப் போன் செய்தேன்.

"என்னால முடியல அண்ணி. இன்னும் அஞ்சு பேர் இருக்காங்க. சொல்லி என்ன பிரயோஜனம்? அந்தம்மா நிம்மதிதான் போச்சு. நீங்க பாட்டுக்குக் கேள்வி கேட்டுட்டு வெச்சிடுவீங்க. உங்களுக்கென்ன தெரியும்!"

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நான் டிப்போவுக்கு வந்த ஆறாவது மாசம்" என்றார் அண்ணி. அவர் குரல் அவ்வளவு மெதுவாக இருந்து நான் கேட்டதில்லை. "ஒரு டிரைவர் மூணு தடவ வந்து பிரேக் சரியில்லன்னாரு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு எல்லார் முன்னாடியும் சொல்லிச் சிரிச்சேன். நாலாவது தடவ அவரு சொல்லல. இறக்கத்துல வண்டி ஒரு கடைக்குள்ள போயிடுச்சு. கடைக்கார அம்மாவுக்கு ரெண்டு காலும் போச்சு."

எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. அண்ணனுக்காவது தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

"அந்தம்மாவ நேர்ல பாத்து, தப்பு என்னுதுன்னு சொல்ல எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. கேட் வரைக்கும் போவேன், திரும்பிடுவேன். எத்தன தடவன்னு கணக்கே இல்ல. கூட நிக்க ஆள் இல்ல. யாரக் கேக்கறதுன்னும் தெரியல. நீ சாயங்காலத்துக்குள்ள ஒருத்தர்கிட்ட சொல்லிட்ட."

கண்ணீர் கண்ணை மறைத்தது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன்.

"இப்ப எங்க நிக்கற?" என்றார்.

"ரெண்டாவது ரூம் வாசல்ல."

"போன வெக்காத. அப்படியே பையில போட்டுக்கோ. நான் எதுவும் பேச மாட்டேன், எதுவும் கேக்க மாட்டேன். ஆறாவது ஆள் வரைக்கும் லைன்லதான் இருப்பேன். உள்ள போ."

போனைப் பையில் போட்டேன். கைப்பிடியைத் திருகினேன்.