வேலுத்தாயின் ஒருபொழுது

படுக்கைப் புண்ணைத் துடைக்கும்போது வேலுத்தாய் முனகக்கூட இல்லை. அதுதான் சொர்ணத்தாய்க்குப் பயமாக இருந்தது. இடது இடுப்பில் முதலில் சிவந்து தடித்தது, பிறகு தோல் வழன்றது, இப்போது விரல் உள்ளே போகிற அளவுக்குக் குழி விழுந்துவிட்டது. பார்க்க வந்த டாக்டர் நல்ல மனுஷர், மூக்கைப் பொத்தவில்லை. ஆனால் வெளியே வந்ததும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். முட்டையும் பருப்பும் வயிற்றுக்குள் போகாவிட்டால் எந்த மருந்தும் இந்தக் குழியை மூடாது, ஒரே பக்கமாகப் படுத்தால் எலும்பு தெரிய ஆரம்பிக்கும், காய்ச்சல் கண்டுவிட்டால் பிறகு ஆள் தங்காது என்றார்.

அவருக்கென்ன, சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். ஊட்ட வேண்டியவள் ஆயா சொர்ணத்தாய் அல்லவா!

கோவில்பட்டிக்கு வெளியே, கயத்தாறு ரோட்டில், யாரோ ஒரு முதலாளி புண்ணியத்துக்குக் கட்டிவிட்ட முதியோர் விடுதி அது. எண்பத்து மூன்றாம் வருஷம். தீப்பெட்டி ஆபீஸ் மருந்து வாடை நெஞ்சுக்கு ஆகாமல் சொர்ணத்தாய் இந்த வேலைக்கு வந்திருந்தாள். வேலுத்தாய் எப்போதும்வென்றான் கிராமத்தில் சொந்தமாக ஏர் பூட்டி உழுத குடும்பத்துக்காரி. கால் இரண்டும் விளங்காமல் போன பிறகு மகன் வன்னியபெருமாள் அவளை இங்கே கொண்டுவந்து விட்டான். விட்டாலும் மறக்கவில்லை, மாதம் தவறாமல் வந்து பார்த்தான். அந்த வரவு திடீரென்று நின்றது. உடனே அவள் குலசாமிக்கு நேர்ந்துகொண்டாள். மகன் முகத்தைக் காணும் வரைக்கும் ஒருபொழுது. மதியம் ஒரு வேளை ரசச் சோறு, அதுவும் நாலு வாய். கவுச்சியைத் தொடவே மாட்டாள். மகன் வரும் வாசலைப் பார்த்து இடது பக்கமாகவே கிடந்தாள். திருப்பிப் போட்டால் கட்டில் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு பழையபடி வந்துவிடுவாள்.

வன்னியபெருமாள் எங்கே வருவான்! ஆடி மாதமே லாரி மோதிச் செத்துப்போனான். அவனுடைய சித்தப்பா சோலைச்சாமி வந்து, தெரிந்தால் மதினி உயிரை விட்டுவிடுவாள், மூச்சு விடக் கூடாது என்று மேனேஜர் பூவனநாதனிடம் வாக்கு வாங்கிக்கொண்டு போனார். வாயைத் திறப்பவளுக்கு வேலை கிடையாது என்று மேனேஜரும் சொல்லிவிட்டார். அடேயப்பா, என்ன இரக்கம்! செத்துப்போனவனுக்காக ஒருத்தி வயிற்றைக் காயப்போட்டு உயிரோடு அழுகுகிறாள், இவர்கள் அவளைக் காப்பாற்றுகிறார்களாம்.

சொர்ணத்தாய் ஒரு யோசனை பண்ணினாள். மறுநாள் காலை வேலுத்தாயிடம் போய், விடியக்காலம் உங்கள் மகன் வந்தான், அசந்து தூங்கினீர்கள் என்று எழுப்பாமல் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பம்பாய்க்கு ரயிலேறிவிட்டான் என்று வாய்க்கு வந்ததை அளந்தாள். நேர்ச்சை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு அவித்த முட்டையையும் நீட்டினாள்.

வேலுத்தாய் அதைத் தொடவில்லை.

"எம் மூஞ்சிய அவன் பாத்துட்டான். நான் அவன் மூஞ்சியப் பாக்கலையே. பாவி, ஒறங்கிட்டனே" என்றாள்.

அதோடு தூக்கமும் போயிற்று. வாசலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இப்போது திருப்பிப் போட வந்தால் கையைக் கடிக்க வந்தாள். இடது தோளிலும் சிவப்புத் தட்டியது. பொய் சொன்ன நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது சொர்ணத்தாய்க்கு. அந்த வாரம் முடிவதற்குள், ஒரு மத்தியானம், உடம்பைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

ஓடிப்போய், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மேனேஜரிடம் கெஞ்சினாள். சொன்ன நிமிஷத்தில் கிழவி மண்டையைப் போட்டால் நீயா பதில் சொல்வாய் என்று அவர் எரிந்து விழுந்தார். அவர் கேட்டதும் நியாயம்தான். அவளுக்கும் அந்தப் பயம்தான். ஆனாலும் திரும்பி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில், வாசலை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, நான் சொன்னது பொய். அண்ணாச்சி வரல. இனிம வரவும் மாட்டாவ. ஆடியிலேயே தவறிட்டாவ. லாரி மோதிட்டு."

வேலுத்தாய் அழவில்லை. சொர்ணத்தாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொள்ளி யாரு வச்சா?"

"மூத்த பேரப்பிள்ளை வச்சாவ."

கட்டில் கம்பியிலிருந்து அவள் கை தானாக நழுவியது.

"என்னச் சொவத்துப் பக்கம் திருப்பி விடு."

சொர்ணத்தாய் திருப்பினாள். உடம்பில் கனமே இல்லை. புண்ணில் காற்றுப் படும்படி சேலையை ஒதுக்கிவிட்டாள். அப்புறம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூச்சு வருகிறதா? வந்தது. நடுவில் ஒருமுறை நின்றது, இவளுக்கும் சேர்ந்து நின்றது. சோலைச்சாமி சொன்னது பலித்துவிட்டதோ, கொன்றுவிட்டோமோ என்று குனிந்து பார்த்தாள். மறுபடியும் முதுகு ஏறி இறங்கியது.

வெயில் சாய்ந்தது. சுவரைப் பார்த்தபடியே வேலுத்தாய் கூப்பிட்டாள்.

"ஏட்டி."

"இங்கனதான் இருக்கேன், சொல்லுங்க."

வேலுத்தாயின் தோள் குலுங்கியது. அழுகையை அடக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை.

"பிள்ளையத் தூக்கிக் குடுத்துட்டுக் கெடக்கேன். கேக்கவே வெக்கமா இருக்குட்டி. எனக்குப் பசிக்குது."