மத்தியானம் நிற்கும் மெஷின்

மே 13, 2025, செவ்வாய். தேவதாசன் சார் வீடு, சமாதானபுரம். மாடியில் ஏசியின் அவுட்டோர் யூனிட் மூடியைக் கழற்றியபோது ஸ்க்ரூ ஆறு. திரும்பப் பூட்டியது ஐந்து. ஆறாவது என் சட்டைப் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டது. கவனக்குறைவு. நாளை வகுப்புக்குப் போகும் வழியில் பூட்டிவிட வேண்டும்.

இதை எழுதி முடித்த பிறகும் முத்துராணிக்கு மனம் ஆறவில்லை. ஒரு ஸ்க்ரூவுக்காக யாரும் அவளைக் கேள்வி கேட்கப் போவதில்லை. மூடி ஐந்து ஸ்க்ரூவிலும் உறுதியாகத்தான் நிற்கும். போதாததற்கு, அந்த மெஷினையே வியாழக்கிழமை கழற்றிப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பப் போகிறார்கள். கழற்றப் போகும் மெஷினுக்கு ஸ்க்ரூ எதற்கு? ஆனாலும் எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கவில்லை என்பது நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது.

உண்மையில் உறுத்தியது ஸ்க்ரூ இல்லை. அந்த மெஷினுக்குக் கம்ப்ரசர் போய்விட்டது என்று சொன்னவள் அவள்தான்.

வண்ணார்பேட்டையில் இசக்கிதுரை அண்ணாச்சியின் ஏசி சர்வீஸ் கடையில் அவள் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. பகலில் வேலை, சாயங்காலம் பாளையங்கோட்டையில் ஏசி மெக்கானிக் வகுப்பு, அதன் பிறகு சேரன்மகாதேவிக்குக் கடைசிக்கு முந்தின பஸ். முதல் ஒன்றரை வருஷம் ஃபில்டர் கழுவவும் ஏணி பிடிக்கவும்தான் விட்டார்கள். தனியாக வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கியது இந்தக் கோடையில்தான். "ஒரு வீட்டுல இருந்து ஒரே கம்ப்ளைண்ட் மூணு தடவ வந்துச்சுன்னா, பழையபடி ஃபில்டர் கழுவத்தான் போவ, பாத்துக்க" என்று அண்ணாச்சி சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு சொல்வதெல்லாம் நடக்கும் என்பது கடையில் எல்லாருக்கும் தெரியும்.

தேவதாசன் சார் வீட்டிலிருந்து மூன்று தடவை வந்துவிட்டது.

சாரும் அவர் மனைவி சாரம்மாள் டீச்சரும் மட்டும் இருக்கிற வீடு. பிள்ளைகள் வெளியூரில். இரண்டு வருஷத்துக்கு முன் சாருக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். வெயிலில் அலையக் கூடாது, படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதை டீச்சர் காலண்டருக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார். மத்தியானம் அவர்கள் வீட்டை விட்டு நகர்வதில்லை, ஏசியை நம்பித்தான் இருந்தார்கள். அந்த மத்தியானத்தில்தான் மெஷின் மக்கர் செய்தது. இரண்டு இரண்டரை மணிவரை நன்றாகக் குளிரும். பிறகு காற்று மட்டும் வரும், குளிர் வராது. நாலரை ஐந்துக்கு மேல் தானாகவே சரியாகிவிடும்.

முத்துராணி மூன்று தடவையும் காலையில்தான் போனாள், அண்ணாச்சி காலையில்தான் அந்தப் பக்கம் அனுப்பினார். முதல் தடவை மோட்டாரைக் கிளப்பிவிடும் கப்பாசிட்டரை மாற்றினாள். இரண்டாவது தடவை கேஸ் அளவு பார்த்தாள், சரியாக இருந்தது. மூன்றாவது தடவை வயரைப் பார்த்தாள், ஸ்டெபிலைசரைப் பார்த்தாள், ஃபேனைக் கையால் சுற்றிப் பார்த்தாள். எல்லாம் சரி. மெஷின் இழுக்கும் கரண்ட் மட்டும் இருக்க வேண்டியதைவிட அரை ஆம்பியர் கூடுதல். பதினோரு வருஷத்து மெஷின். எல்லாம் சரியாக இருந்தும் நின்றால் கம்ப்ரசர்தான் தளர்ந்திருக்க வேண்டும் என்று கூட்டிக் கழித்துப் பார்த்துச் சொன்னாள்.

"நீ சொல்லுதியா?" என்று போனில் கேட்டார் அண்ணாச்சி.

"ஆமா அண்ணாச்சி."

"அப்போ சரி. வியாழக்கெழம புதுசு மாட்டிருவோம்."

அவ்வளவுதான். மறு கேள்வி இல்லை. அவர் இரண்டாவதாக ஒரு தடவை கேட்டிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

புதன்கிழமை மகாராஜநகரில் வேலை சீக்கிரம் முடிந்தது. ஆறு மணிக்குத்தான் வகுப்பு. மூன்று மணி வாக்கில் சமாதானபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. டீச்சரைத் தூக்கத்தில் எழுப்ப வேண்டாம் என்று நினைத்து, வீட்டுக்குப் பின்பக்கமாக மாடிக்குப் போகும் படியில் சத்தமில்லாமல் ஏறினாள். கையில் ஸ்க்ரூ டிரைவர். பையில் ஸ்க்ரூ.

மாடியில் ஆள் இருந்தது.

தேவதாசன் சார் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வேஷ்டியை மடித்துக் கட்டி, ஒரு பிளாஸ்டிக் வாளியிலிருந்து செம்பால் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். செடிக்கு இல்லை. அவுட்டோர் யூனிட்டுக்கு. அதன் மேல் இரண்டு சாக்கு போட்டு, கொடிக்கயிற்றால் முன்னும் பின்னும் சுற்றி, மூட்டையைப் போல இறுக்கிக் கட்டியிருந்தார்.

"சார்!"

செம்பு அவர் கையிலிருந்து நழுவி உருண்டது. "ஏ பிள்ள! சத்தம் போடாத. கீழ டீச்சர் இருக்கா."

"என்ன சார் செய்யுதீங்க?"

"என்ன செய்யுதேன்? நீ சொன்னதத்தான் செய்யுதேன்."

"நானா?"

"போன மாசம் சர்வீசுக்கு வந்தேல்லா? அன்னைக்கு நீதான சொன்ன, வெயில் நேரா விழுது சார், கொஞ்சம் வெயில் படாம பாத்துக்கிடுங்கன்னு. நானும் யோசிச்சேன். காய்ச்சக்காரப் பிள்ளைக்கு ஈரத்துணி போடுதோம். தண்ணிப் பானைக்கு ஈரச்சாக்கு சுத்துதோம். இதுவும் ஒரு உசுரு மாதிரிதான, மத்தியானம் முழுக்க நமக்காவ வெயில்ல நின்னு பாடுபடுதுன்னு..."

முத்துராணி அவரையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். சொன்னாளா? சொல்லியிருக்கலாம். அவளுடைய நோட்டில் தேதிக்கு ஒரு கட்டம், வீட்டுக்கு ஒரு கட்டம், கரண்டுக்கு, கேசுக்கு, மாற்றிய பொருளுக்கு என்று தனித்தனிக் கட்டம் உண்டு. போகிற போக்கில் வாயால் சொன்னதற்குக் கட்டம் கிடையாது. ஆனால் சார் பொய் சொல்கிறவர் இல்லை.

யூனிட்டின் ஃபேன் சுற்றவில்லை. கம்ப்ரசர் சத்தமும் இல்லை. சாக்கின் ஓரத்தைத் தூக்கி உள்ளே கையை விட்டாள். தோசைக்கல்லைத் தொட்டதுபோல இழுத்துக்கொண்டாள்.

இப்போது அவளுக்குக் குழப்பம் கூடியது. ஈரச்சாக்கு குளிர்ச்சிதானே? குளிர்ச்சியானதைப் போட்ட பிறகு உள்ளே எப்படிக் கொதிக்கும்? தண்ணீர் ஏதாவது வயருக்குள் இறங்கிவிட்டதா? அப்படியானால் சாயங்காலம் எப்படித் தானாக ஓடுகிறது? சுவர் நிழலில் குந்தி உட்கார்ந்து விரல் விட்டு ஒவ்வொன்றாக எண்ணினாள். அறைக்குள் இருக்கிற சூட்டை இழுத்துக்கொண்டு வந்து வெளியே துப்புவதுதான் இதன் வேலை. துப்புகிற வாயைச் சாக்கால் அடைத்தாயிற்று. சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றுகிறது. தாங்க முடியாத அளவு வந்ததும் கம்ப்ரசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடுகிறது.

"சாக்க எத்தன மணிக்கு அவுப்பீங்க சார்?"

"நாலு மணிக்கு. டீச்சர் காப்பி போட எந்திரிக்கதுக்கு முன்னால."

நாலு மணிக்குச் சாக்கு போகிறது. அரை மணி, ஒரு மணியில் யூனிட் ஆறுகிறது. ஐந்து மணிக்கு ஓடுகிறது. காலையில் அவள் வரும்போது சாக்கு மாடிப்படிக்கு அடியில் காய்ந்து கிடந்திருக்கும்.

இருவருமாகக் கயிற்றை அவிழ்த்தார்கள். சாக்கை உருவிய பிறகு ஒன்றும் நடக்கவில்லை. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். முத்துராணி ஆறாவது ஸ்க்ரூவைப் பூட்டினாள். வேறு வேலை எதுவும் தோன்றவில்லை.

"அப்போ நான்தான் இதக் கொன்னுட்டேனோ?" என்றார் சார் மெல்ல.

"தெரியல சார்."

அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. சாக்குதான் நிறுத்தியது என்பது சரி. ஆனால் அந்த அரை ஆம்பியர்? இத்தனை நாளாகத் தினமும் வெந்து வெந்து நின்ற கம்ப்ரசர் நிஜமாகவே தளர்ந்துபோயிருந்தால்? அப்படியானால் அவள் சொன்னதும் சரியாகிவிடும். சொன்ன காரணம் தப்பு, சொன்ன முடிவு சரி. அப்படி ஒன்று இருக்க முடியுமா என்று யோசிக்க யோசிக்கத் தலை கிறுகிறுத்தது.

முக்கால் மணி நேரம் கழித்து, ஒரு உதறலோடு ஃபேன் சுற்றத் தொடங்கியது. கம்ப்ரசர் உறுமியது. சூடான காற்று அவர்கள் முகத்தில் அடித்தது. சார் வேஷ்டியை இறக்கி விட்டுக்கொண்டார்.

"ஓடுதுல்லா? சோலி முடிஞ்சிச்சு. இனிமே சாக்கு போட மாட்டேன். நீயும் நானும் இங்கன நின்னது டீச்சருக்குத் தெரிய வேண்டாம்."

"நாளைக்குப் புது மெஷின் வருது சார்."

"வரட்டுமே. பழசும் பதினோரு வருசம் ஓடிட்டுல்லா. யாரு என்ன கேக்கப் போறா?"

யாரும் கேட்கப் போவதில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. புது மெஷின் வரும், சாக்கு வராது, மத்தியானமும் குளிரும். கம்ப்ரசரைச் சரியாகக் கண்டுபிடித்தாள் என்று அண்ணாச்சி இன்னொரு வீட்டுக்குத் தனியாக அனுப்புவார். அங்கேயும் அவள் கூட்டிக் கழித்து ஏதாவது சொல்வாள். அவரும் அப்போ சரி என்பார்.

"யாருங்க மாடியில பேசுதது?" கீழிருந்து டீச்சரின் குரல்.

சார் உதட்டில் விரலை வைத்தார். முத்துராணி ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டாள். பிறகு முன்னால் இறங்கினாள். சார் பின்னால், ஒவ்வொரு படியாக, கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு இறங்கினார்.

"டீச்சர், அவுட்டோர் மேல சாக்கு போட்டிருந்ததுனாலதான் மெஷின் நின்னுது. வெயில் படாம பாத்துக்கிடச் சொன்னது நான்தான். தப்பாச் சொல்லிட்டேன். நேத்து கம்ப்ரசர் போச்சுன்னு சொன்னதும் நிச்சயமாத் தெரியாமத்தான் சொன்னேன்."

சாரம்மாள் டீச்சர் முப்பத்திரண்டு வருஷம் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர். முத்துராணியின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. கணவரின் வேஷ்டி விளிம்பைத்தான் பார்த்தார். முழங்கால்வரை ஈரம்.

"சொன்னது நீ. சரி. ஏறினது யாரு?"

சார் தொண்டையைச் செருமினார். "மெல்லத்தான் ஏறினேன் சாரா. பைய பைய."

"எத்தன நாளா பைய பைய?"

"ரெண்டு வாரம் இருக்கும்."

"கர்த்தரே! தண்ணி வாளியோடயா?"

"அர வாளிதான்."

"நான் உள்ள ஏசிய நிப்பாட்டிப் போட்டுப் பாத்துக்கிட்டு, விசிறியால விசிறிக்கிட்டு, சார் வாசல் அறையில அயந்து தூங்குதாவன்னு நெனச்சி சத்தம் காட்டாம நடக்கேன். இவுக மேல நின்னு மெஷினுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக்கிட்டு இருக்காவ!" டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க முதல்ல. மாத்திர போட்டீங்களா?" அப்புறம்தான் முத்துராணியின் பக்கம் திரும்பினார். "அப்போ நாளைக்கு மெஷின் மாத்தணுமா, வேண்டாமா?"

"தெரியல டீச்சர். அண்ணாச்சிட்ட கேக்கணும்."

வாசலில் நின்று போன் போட்டாள். நடந்ததை ஆரம்பத்திலிருந்து வரிசையாகச் சொன்னாள்.

"அப்போ கம்ப்ரசர் நல்லாருக்குங்கியா?"

"தெரியல அண்ணாச்சி."

"நேத்து தெரியும்னியே."

"நேத்து தெரியும்னு நெனச்சேன்."

"இன்னைக்கு?"

"நின்னதுக்குச் சாக்கு காரணம். அது தெரியும். அர ஆம்பியர் எதுக்குக் கூடுதுன்னு தெரியல. சாக்கு இல்லாம ஒரு மத்தியானம் முழுசும் ஓட்டிப் பாக்கணும்."

"புது மெஷின வண்டியில ஏத்தியாச்சு பிள்ள."

போனில் யாரோ ஸ்பேனர் கேட்கிற சத்தம் கேட்டது.

"சரி, எறக்கச் சொல்லுதேன்" என்றார் அண்ணாச்சி. "நாளைக்கு நானும் வாறேன். அஞ்சு மணி வரைக்கும் நிக்காம ஓடட்டும், பெறகு பேசுவோம். அது வரைக்கும் நீ எந்த வீட்டுக்கும் தனியாப் போக வேண்டாம்."

"சரி அண்ணாச்சி."

"சாக்கு போட்டத அந்த மனுசன் வெளிய சொல்ல வேண்டாம்னு கேட்டிருப்பாரே?"

"கேட்டாவ."

"ம்" என்றார். போனை வைத்துவிட்டார். அந்த 'ம்' பாராட்டா, கோபமா, வெறும் மூச்சா என்று பஸ் வரும்வரை யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

வகுப்பில் இன்னும் யாரும் வரவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். கட்டங்களுக்கு வலப்பக்கம் ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒரு கோடு போட்டாள். மேலே 'வீட்டாரிடம் சொன்னது' என்று எழுதினாள். பிறகு பக்கத்தின் அடியில்:

மே 15, வியாழன். காலை எட்டு மணிக்குக் கடை, அண்ணாச்சியுடன் சமாதானபுரம். அவுட்டோருக்கு மேல் மட்டும் நிழல் விழும்படி தகரம் போட அளவு எடுக்க வேண்டும், நாலு பக்கமும் திறப்பு. பன்னிரண்டு முதல் ஐந்து வரை மாடியில் இருந்து அரை மணிக்கு ஒரு தடவை கரண்ட் பார்க்க வேண்டும். குடை எடுத்துக்கொள்ள வேண்டும்.