ஒரு சொட்டு ரத்தமும் தாய்மாமன் கையெழுத்தும்

பொன்ராஜுக்கு ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை. தங்கை சீதாவைத் தலைப்பிரசவத்துக்குச் சேர்த்த நாளிலிருந்து, அந்த தி.நகர் நர்சிங் ஹோமையே விலைக்கு வாங்கிவிட்டவர் மாதிரிதான் நடந்துகொண்டார். பெற்றோர் இல்லை, புருஷன் சரக்கெடுக்க சூரத் போயிருந்தான். எனவே தாளில் ‘பொறுப்பாளர்’ என்ற இடத்தில் அவர் பெயர். டாக்டர் ஜலஜாவுக்கு அவரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

மத்தியானம் மூன்று மணிக்கு, வலி வரும்போதெல்லாம் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கியது. லண்டனில் கற்றுவந்தபடி ஜலஜா, உள்ளே தட்டுப்பட்ட குழந்தையின் தலையில் மெல்லக் கீறி, கண்ணாடிக் குழாயில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மீட்டரில் வைத்தாள். ரத்தத்தில் அமிலம் ஏற ஏற மீட்டரில் எண் இறங்கும்; ஏழு புள்ளி இரண்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஏழு புள்ளி ஒன்றுக்கு வந்திருந்தது. பிள்ளைக்குப் பிராணவாயு போதவில்லை. உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் பிள்ளை தங்காது.

வெளியே வந்து சொன்னாள். தொப்புள்கொடி பிள்ளையின் கழுத்தைச் சுற்றியிருக்கலாம் என்றும் சொல்லித் தொலைத்தாள்.

“கொடி சுத்தியா!” பொன்ராஜ் முகம் வெளுத்தது. “அது தாய்மாமனுக்கு ஆகாதுல்லா!”

“மாமனுக்கு ஒண்ணும் ஆகாது. பிள்ளைதான் உள்ளே தவிச்சிண்டிருக்கு. கையெழுத்துப் போடுங்கோ.”

“இருங்க டாக்டரம்மா. மாம்பலத்துல நம்ம ஜோசியரு இருக்காரு. பரிகாரம் கேட்டுட்டு வந்திருதேன்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போயே விட்டார். மனுஷனா இது? அத்தனை பெரிய உடம்புக்கு, இன்னும் பிறக்காத ஆறு ராத்தல் பிள்ளை எமனாம்!

பொறுப்பாளர் கையெழுத்தில்லாமல் கத்தியை எடுப்பதில்லை என்பது அங்கே வழக்கம். ஜலஜா தாளும் கையுமாக வாசலைப் பார்த்து நின்றாள்.

“அந்தாளு ரிக்‌ஷா ஏறிப் பூட்டாரும்மா,” என்றாள் ஆயா மண்ணாங்கட்டி. “நீ இன்னாத்துக்கு இங்க நின்னுக்கினு கீறே? அந்தப் பொண்ணு கூப்புடுது.”

சீதா பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினாள். “எல்லாம் கேட்டுக்கிட்டுதான் கெடக்கேன். வயிறு என்னுது. எனக்கும் கையெழுத்துப் போடத் தெரியும். எங்கிட்ட ஏன் கேக்கல?”

ஜலஜாவுக்குச் சுருக்கென்றது. பொன்ராஜை மனசுக்குள் திட்டியதெல்லாம் திரும்பி அவள் மேலேயே விழுந்தது. பிள்ளையின் ரத்தத்தைக் கேட்கத் தெரிந்தவளுக்குத் தாயைக் கேட்கத் தோன்றவில்லை. பெரிய படிப்புதான்!

கோணல்மாணலாகக் கையெழுத்து விழுந்தது. கால் மணியில் பிள்ளை வெளியே வந்தது. கழுத்தில் கொடி இரண்டு சுற்று. நீலம் பாரித்துக் கிடந்தது, ஆக்சிஜன் கொடுத்த பிறகு வீறிட்டது. ஜலஜாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலையில்தான் பொன்ராஜ் தலைகாட்டினார், கையில் கிண்ணம் நிறைய நல்லெண்ணெயோடு. கொடி சுற்றிய பிள்ளையைத் தாய்மாமன் நேராகப் பார்க்கக் கூடாதாம். எண்ணெயில் விழும் முகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டுமாம். அறைக்குள் வராமல் வெளியிலேயே நின்றார்.

ஜலஜா உள்ளே போய்ச் சொன்னாள். சீதா பிள்ளையின் தலையில் காய்ந்திருந்த சின்னக் கீறலைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எண்ணெ கொண்டாந்தது நல்லதாப் போச்சு,” என்றாள். “மொதல்ல அதுல அண்ணன் மூஞ்சியப் பாத்துக்கிடச் சொல்லுங்க.”