குளவிக்கு வரி இல்லை

கொழும்பில் ஒரு பெரிய மனிதரின் மகன் ஃபோனில் துப்பாக்கிச் சண்டை விளையாடிக்கொண்டிருந்தபோது, அப்பா மூன்று தடவை கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லையாம். அந்தக் கோபம் ஆறுவதற்குள் அரசாங்க வர்த்தமானியில் அறிவித்தல் வந்துவிட்டது. வன்முறை வீடியோ கேம்களுக்கு விசேஷ வரி. வருகிற பணத்தில் பிள்ளைகளை நல்வழிப்படுத்துவார்களாம்.

வரி போட்டுத் திருத்துவதில் நமக்கு நீண்ட அனுபவம் உண்டு. சாராயத்துக்கு வரி போட்டுக் குடியை ஒழித்தோம். ஒழிந்த குடியை யாராவது பார்க்க விரும்பினால், சம்பளம் போட்ட அன்றைக்கு எங்கள் டவுனுக்கு வந்தால் போதும். கடை வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வரிசையில் நிற்கும்.

எந்த கேம் வன்முறை, எது இல்லை என்று தீர்மானிக்க ஊருக்கு ஊர் ஒரு வகைப்படுத்தல் குழு அமைத்தார்கள். தலவாக்கலைப் பக்கத்துக் குழுவுக்குத் தலைவர் சிவசாமி. முன்னாள் தொழிற்சங்கக்காரர், இந்நாள் கோயில் தர்மகர்த்தா. உறுப்பினர் றோசலின் டீச்சர். ஓய்வு பெற்றவர், ஃபோன் என்ற சாதனத்தையே வெறுப்பவர், அந்த வெறுப்பை தினமும் ஃபோனில் நாலு பேருக்குச் சொல்பவர். எழுதுவினைஞர் பத்திநாதன். அது நான். இதற்கு முன் பத்தொன்பது வருஷம் ஒரு தேயிலைத் தோட்ட ஆபிஸில் கிளாக்கராக இருந்தவன்.

கொழும்பிலிருந்து ஒரே உறையில் இரண்டு கடிதம் வந்தது. ஒன்றில், நாட்டில் வன்முறை கேம்கள் அடியோடு குறைய வேண்டும் என்று இருந்தது. மற்றதில், இந்த வருஷம் எங்கள் குழு எவ்வளவு வரி திரட்டித் தர வேண்டும் என்று இருந்தது. கேம் குறைந்தால் வரி எப்படி வரும் என்று தலைவரிடம் கேட்டேன். "அதெல்லாம் மேலிடம் பாத்துக்கும். நீங்க நிரப்புற பாரத்தை அடிச்சு வைங்க," என்றார்.

விதிகளை அனுப்பினார்களே தவிர, நிரப்புவதற்குப் பாரம் அனுப்பவில்லை. சாவைப் பற்றி எனக்குத் தெரிந்த பாரம் ஒன்றே ஒன்றுதான், தோட்டத்தில் விபத்து நடந்தால் நிரப்புவது. அதையே எடுத்துத் தலைப்புகளை மாற்றினேன். 'இறந்தவர்' என்ற இடத்தில் 'இறக்கும் பாத்திரம்' என்று போட்டேன். 'வேலை செய்த மலை' என்ற இடத்தில் 'கேமின் பெயர்'. 'சாவுக்குக் காரணம்' அப்படியே இருந்தது. விதிப்படி புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன்: 'கொல்பவர் யார்?' அதில் ஒரு பெயர் விழுந்தால் அது வன்முறை, வரி உண்டு. பெயர் இல்லையென்றால் அது விபத்து, வரி இல்லை.

முதலில் டவுன் கடைக்காரர் ஒருவர் போட்டுக் காட்டியது ஒரு பட்டாளத்துக் கேம். பத்து நிமிஷத்தில் நூற்று நாற்பத்து மூன்று பேர் செத்தார்கள். றோசலின் டீச்சர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, ஒரு கண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். தலைவர் விதிகளைப் புரட்டினார். நாட்டைக் காக்கச் சுடுவது வன்முறை ஆகாது என்று நாலாம் விதி. "யாரு நாட்டை?" என்று டீச்சர் கேட்டார். "ஏதோ ஒரு நாடு. காக்குறாங்கல்ல?" என்றார் தலைவர். வரி இல்லை. கிளம்பும்போது டீச்சர், அந்தத் துப்பாக்கியை விடப் பெரியது கிடைக்குமா என்று கடைக்காரரிடம் மெதுவாக விசாரித்தார்.

அடுத்தது கார் ஓட்டுகிற கேம். ரோட்டில் போகிறவர்களையெல்லாம் அடித்துத் தள்ளியது. அது விபத்து, வரி இல்லை. மூன்று மாதம் முடிந்தபோது எங்கள் ஊரில் வன்முறையே இல்லை, வரியும் இல்லை. கொழும்பிலிருந்து கோபமாக ஒரு ஞாபகமூட்டல் வந்தது. எதையாவது பிடித்து வரி போட்டே ஆக வேண்டும் என்று தலைவர் அலைந்துகொண்டிருந்த வாரத்தில்தான் ஷாமிலா வந்தாள்.

ஷாமிலா டவுனில் ஃபோன், ஃபோட்டோகொப்பி பார்க்கிற ஒரு கம்யூனிகேஷன் கடையில் வேலை செய்கிற பெண். தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். அம்மா நாகலெட்சுமி இன்றைக்கும் தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். கடையில் ஆள் வராத நேரங்களில் உட்கார்ந்து, இரண்டு வருஷம் செலவழித்து, தானே ஒரு கேம் செய்திருந்தாள். பெயர் 'அஞ்சாம் நம்பர் மலை'. விளையாடுகிறவர்தான் கொழுந்து எடுக்கிற பெண். அட்டை கடிக்கும், மழை அடிக்கும், கணக்கப்பிள்ளை சத்தம் போடுவார். இதையெல்லாம் தாண்டிப் பையில் பதினெட்டுக் கிலோ சேர்க்க வேண்டும். நடுவில் குளவிக்கூடு கலைந்து குளவிகள் கொட்ட வரும். அப்போது பையைப் போட்டுவிட்டு ஓடினால் உயிர் பிழைக்கலாம்.

கொழும்பில் ஒரு கம்பெனி அதை வாங்கத் தயாராக இருந்தது. ஆனால் வரி இல்லை என்று எங்கள் சான்றிதழ் வேண்டுமாம். வன்முறை என்று முத்திரை விழுந்தால் கையால் தொட மாட்டார்களாம். "இது வித்துட்டா எங்கம்மாவ மலைக்கு அனுப்ப மாட்டேன் ஐயா," என்று என்னிடம் சொன்னாள். "அவங்களுக்கு முட்டி ரெண்டும் போச்சு." அம்மாவும் கூட வந்திருந்தார். மகள் ஆபிஸுக்குத் தனியாகப் போகக் கூடாது என்று, அன்றைய பேரை, அதாவது அன்றைய நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு வந்திருந்தார்.

தலைவர் முதலில் விளையாடினார். மலையில் ஏறவே தெரியவில்லை. மூன்று தடவை தண்ணீர் ஓடுகிற கானில் விழுந்து எழும்பி, சங்கத்தில் தனக்கு வேறு வேலை இருந்தது என்றார். பிறகு றோசலின் டீச்சர். குளவி இரைகிற சத்தம் கேட்டதும் "ஐயோ மாதாவே!" என்று பையை எறிந்துவிட்டு ஓடிப் பிழைத்தார். மூன்று தடவையும் பிழைத்தார். "நல்ல கேம் பிள்ளே. ஆபத்து வந்தா சாமானைப் பார்க்காதே, உயிரைப் பார்ன்னு சொல்லுது. பள்ளிக்கூடத்துல வைக்கலாம்," என்றார்.

வரி இல்லை என்று அடிக்க நான் ரப்பர் சீலைக் கையில் எடுத்துவிட்டேன். தலைவருக்குத்தான் மனம் வரவில்லை. விதிகளைப் புரட்டி, அந்தத் தொழில் தெரிந்த ஒருவரும் விளையாட வேண்டும் என்று ஏழாம் விதியைக் கண்டுபிடித்தார். பட்டாளத்துக் கேமுக்கு இந்த விதி எங்கே போயிருந்ததோ தெரியாது. "அதான் அம்மா இருக்காங்களே. அம்மா, நீங்க வந்து உக்காருங்க."

நாகலெட்சுமி அந்த கேமை அதுவரை பார்த்ததே இல்லை. மகள் இரவில் லேப்டொப்பைத் திறக்கிற நேரத்தில் அவர் தூங்கியிருப்பார். எந்த பட்டனை அழுத்த வேண்டும் என்று ஷாமிலா காட்டிக் கொடுத்தாள். ஐந்து நிமிஷம் தடுமாறினார். அதற்குப் பிறகு அந்த விரல்கள் போன வேகத்தைப் பார்த்து நாங்கள் மூவரும் வாயைத் திறந்துகொண்டு நின்றோம். முற்றின இலை ஒன்றையும் தொடவில்லை. பதினேழு கிலோ ஆனபோது குளவி கலைந்தது.

"பையப் போடுங்கம்மா!" என்று ஷாமிலா கத்தினாள்.

போடவில்லை. பையோடு, கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தைப் பார்த்து ஓடினார். பாதி வழியில் திரை சிவந்தது. செத்துப்போனார்.

திரும்ப விளையாடினார். திரும்பவும் பையோடு ஓடினார். திரும்பவும் செத்தார். ஏழு தடவை. டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "ஏன்மா, பையப் போட்டுட்டு ஓடச் சொல்லுதுல்ல?"

"பதினேழு கிலோ இருக்குங்களே டீச்சர். இன்னும் ஒரு கிலோ சேத்தா முழுப்பேரு. போட்டுட்டு ஓடுனா அரைப்பேருதானே போடுவாங்க?"

பதினெட்டுக் கிலோ நிறுத்தால்தான் அன்றைக்கு முழுப்பேர், முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர், அரை நாள் சம்பளம். குளவி கொட்டியதால் குறைந்ததா, குனிந்து எடுக்காததால் குறைந்ததா என்று தராசு கேட்காது.

"இது கேமும்மா," என்றார் தலைவர் சிரித்துக்கொண்டு. "இங்க யாரு அரைப்பேரு போடப்போறா?"

நாகலெட்சுமி மகள் பக்கம் திரும்பினார். "இதுல பையப் போட்டா என்னாடி கொறையும்?"

"ஒண்ணும் கொறையாதும்மா."

"ஒண்ணுமே கொறையாதா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப இது நம்ம தோட்டம் இல்லடி."

ஷாமிலா முகம் செத்துப்போனது. இரண்டு வருஷ வேலையை அம்மா ஒரு சிரிப்பில் தள்ளிவிட்டார். அதுவும் ஆபிஸர்மார் முன்னால்.

தலைவருக்கு அது ஒன்றும் உறைக்கவில்லை. பாரத்தை முடித்துவிட்டுக் கோயிலுக்குப் போக வேண்டும். "கொல்பவர் யாருன்னு இருக்கே, என்னா போடலாம்?" என்றார். குளவி என்று போடலாமா என்றேன். அது கடவுளின் படைப்பு, கேஸ் போட முடியாது என்றார் டீச்சர். கூட்டை அகற்றாமல் விட்ட தோட்டம் என்று போடலாமா என்றேன். தலைவர் பலமாக இருமினார். கோயில் திருவிழாவுக்கு லொறி தருவது தோட்டம்தான். "தோட்டத்தை எதுக்கு இழுக்குறீங்க? அதுக்கு வரி போனாப் போகட்டும். கொல்றவர் யாரும் இல்ல. காரணம், தொழிலாளியோட கவனக்குறைவுன்னு எழுதுங்க. வரி இல்ல. புள்ள பொழைச்சுப் போகட்டும்."

எனக்குக் கை தானாக ஓடியது. 'தொழிலாளியின் கவனக்குறைவு.' தோட்டத்தில் இதை எழுதி எழுதிப் பழகிய கை. பாதி தூக்கத்தில்கூடப் பிழையில்லாமல் எழுதும்.

"எங்க அக்கா வீரம்மா குளவி கொட்டிச் செத்தப்பவும் அதான் எழுதுனாங்க," என்றார் நாகலெட்சுமி. கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதைப் போலச் சொன்னார். "கவனமாத்தான் இருந்துச்சு. கடைசி வரைக்கும் பையக் கீழ விடல."

வீரம்மாவை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தப் பாரம் என் கையெழுத்து. அவருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால்கூட அன்றைக்கு எனக்கு "ஐயா" என்றுதான் சொல்லியிருப்பார். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. பேனையை மேசையில் வைத்தேன்.

ஷாமிலா லேப்டொப்பைத் தன் பக்கம் இழுத்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தலைவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, கால் மணி நேரம் தட்டினாள். "இப்ப பையப் போட்டா அரைப்பேரு. ரெண்டு தடவை அரைப்பேரானா வீட்டுல அரிசி இருக்காது. ஆடிப் பாருங்க டீச்சர்."

டீச்சர் ஆடினார். முதல் தடவை பையை எறிந்து பிழைத்தார், அரைப்பேர். இரண்டாவது தடவை எறிந்தார், அடுப்பு எரியவில்லை. மூன்றாவது தடவை பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார், செத்தார். "இது என்ன அநியாயம்! எப்படிப் போனாலும் விடமாட்டேங்குது!" என்று மேசையில் தட்டினார். பட்டாளத்துக் கேமில் நூற்று நாற்பத்து மூன்று பேர் செத்தபோது வராத கோபம்.

நாகலெட்சுமி இன்னொரு தடவை விளையாடினார். பையோடு ஓடிச் செத்தார். "இப்பதான்டி சரியா இருக்கு," என்றார்.

தலைவரின் முகம் மலர்ந்தது. அவர் தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது. "இப்ப விபத்துன்னு சொல்ல முடியாது. சாகுற மாதிரியே செஞ்சு வச்சிருக்கு. அப்ப கொல்றவர் ஒருத்தர் இருக்கணும். குளவி இல்ல, தோட்டம் இல்ல. அரைப்பேருன்னு நம்ம கண்ணு முன்னால எழுதுனது யாரு? இந்தப் புள்ளதான். கேமைச் செஞ்சவதான் கொல்றவ. உச்ச வரி."

"பழையபடி மாத்திட்டா?" என்று நான் கேட்டேன். அவளுக்காகக் கேட்டேன் என்று சொல்ல ஆசைதான். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் தப்பிக்கத்தான் கேட்டேன்.

"மாத்துனா வரி இல்ல. இந்த நிமிஷமே சீல் அடிக்கிறேன்."

ஷாமிலா அம்மாவைப் பார்த்தாள். நாகலெட்சுமி சேலையைச் சரிசெய்து, முட்டியில் கையை ஊன்றி எழும்பினார். "எனக்காக மாத்தாத. நாளைக்கு நான் மலைக்குப் போயிக்கிறேன்."

ஷாமிலாவின் கண் நிறைந்து வழிந்தது. லேப்டொப்பை மூடினாள். "எழுதுங்க ஐயா," என்றாள்.

தோட்டத்தில் பத்தொன்பது வருஷத்தில் குளவிச் சாவு மட்டும் பதினாறு எழுதியிருக்கிறேன். அதில் ஒன்றுக்குக்கூடக் கொன்றவர் யார் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டார்கள். பேனையை எடுத்து, அந்தக் கட்டத்தில் ஷாமிலாவின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதினேன்.