திவாகரன் சேர் கட்டிய வேலி

மட்டக்களப்பு மாவட்டத்து மனிதர், மாடு, யானை சகலருக்கும் இத்தால் அறியத்தருவது என்னவென்றால், கடந்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பதினேழுக்கு வெல்லாவெளிப் பக்கத்து யானை வேலி முற்றாகப் பூர்த்தியடைந்தது. கட்டி முடித்தவர் திட்டப் பணிப்பாளர் திவாகரன் சேர். கட்டிய இடம், அவருடைய கைத்தொலைபேசி.

ஒன்பதரைக்கு மேர்சி கணினியைத் திறந்தபோது, திட்டப் பணிகள் எவ்வளவு முடிந்தன என்று காட்டும் டாஷ்போட் முழுக்கப் பச்சை. நாற்பது பணிகளில் ஏழு, முடியாதவை என்று முதல்நாள்வரை சிவப்பாகக் கிடந்தவை. அந்த ஏழும் சேர்ந்தால் விவசாயி வீரகத்தியின் வயல் வட்டைக்குப் பின்னால் முன்னூறு மீற்றர் வெட்டவெளி, தூணுமில்லை, கம்பியுமில்லை. கதிர் பால்பிடிக்கிற நேரம். போன போகம் அந்த வழியால்தான் பதினொரு யானைகள் வந்து, விளைந்ததை விளைந்தபடியே தின்றுவிட்டுப் போயின. மேர்சி கள உத்தியோகத்தர்; வாரத்தில் இரண்டு தரம் ஸ்கூட்டியில் வாவியைக் கடந்து போய் அதைப் பார்த்துவிட்டு வருகிறவள். வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து விசிட் வருகிற, திட்டத்துக்குக் காசு கொடுத்தவர்கள் பச்சையைக் கண்டால் கையொப்பம் வைத்துத் திட்டத்தை மூடிவிடுவார்கள். பிறகு அந்த முன்னூறு மீற்றர் யானைகளுக்குச் சீதனம்.

ஏழையும் திரும்பச் சிவப்பாக்கினாள். பதினொரு மணிக்குப் பச்சையாயிற்று. மதியம் சிவப்பாக்கினாள். சேர் சாப்பிட்டு வந்ததும் பச்சை. புதன்கிழமை அவர் அறைக்கு அழைத்தார். டாஷ்போட் என்பது நிறுவனத்தின் முகம், முகத்தில் பருவோடு விருந்தாளிக்கு முன்னால் நிற்கலாமா என்று அரைமணித்தியாலம் விளக்கினார். அவளுடைய ஒப்பந்தம் மார்ச்சோடு முடிவதை மின்விசிறியைப் பார்த்தபடி நினைவூட்டினார்.

"விசிட் முடியுமட்டும் பச்சையா விடுங்க மேர்சி. மறுகா மாத்தலாம்."

"ஏலாது சேர்."

"ஏன் ஏலாது?"

"வீரகத்தியண்ணன்ட வட்டைக்க நிண்டு, வேலி முடிஞ்சுதெண்டு ஒருக்காச் சொல்லுங்க. நானே பச்சையாக்கிறன்."

சேருக்கு வெல்லாவெளி வெயில் ஒத்துவராது. ஆகவே இனி அவள் நிறங்களில் கைவைக்கக் கூடாதென்றும், அதற்குப் பதிலாகப் பெரிய திரைக்கு வரைபடங்கள் தயாரிக்க வேண்டுமென்றும் கட்டளையிட்டார். டாஷ்போட் மென்பொருளுக்கு வரைய ஏலுமான படம் ஒன்றும் மிஞ்சக்கூடாது என்றார். அவர் காலத்தில் இட்ட கட்டளைகளில் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றப்பட்டது இது ஒன்றுதான்.

அந்த மென்பொருள் எதையும் மறப்பதில்லை என்பதை சேர் அறியார். யார், எந்தப் பணியை, எத்தனை மணிக்கு, எதிலிருந்து எதற்கு மாற்றினார் என்று எல்லாம் அதன் வயிற்றுக்குள் கிடந்தது.

வெள்ளிக்கிழமை நாலு பேர் வந்தார்கள். ரோல்ஸும் பால் தேத்தண்ணியும் பரிமாறப்பட்டன. முதற்படம் பச்சை வட்டம். சேர் லேசாகத் தலை தாழ்த்தி மரியாதையை ஏற்றுக்கொண்டார். இரண்டாவது, ஒரு வருடத்தில் நாளுக்கு நாள் முடிந்த பணிகளின் கோடு. இந்தக் கிழமைக்கு முன்னமே மூன்று தரம் விறுவிறென்று ஏறி, மூன்று தரமும், கடலுக்கு முகத்துவாரம் வெட்டிவிட்ட வாவி மாதிரி வடிந்திருந்தது. ஏறிய நாட்களெல்லாம் விசிட் வந்த நாட்கள். மூன்றாவது படத்தில் ஒவ்வொரு மாற்றத்தின் நேரமும் மாற்றியவரின் பெயரும் இருந்தன.

வந்தவர்களில் மூத்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை நாலு நிமிடத்தில் ஏழு பணிகள் எப்படி முடிந்தன என்று கேட்டார். சேர் மேர்சியைப் பார்த்தார். அவளுடைய பெயரும் திரையில் அவருடையதற்குப் பக்கத்திலேயே இருந்தது.

"சிவப்பாக்கினது நான்," என்றாள். "அங்க வேலி இல்ல."

கையொப்பம் விழவில்லை. இரண்டாம் கிழமை லொறியில் தூண்கள் வந்தன, கம்பி இழுத்தார்கள். மார்ச்சுக்குப் பிறகு வேலை உண்டா என்று மேர்சி கேட்கவில்லை, சேரும் சொல்லவில்லை.

அவள் வட்டைக்குப் போனபோது வீரகத்தி வாய்க்காலில் குளித்துவிட்டு, நனைந்த சாறனைப் பிழிந்து புதுக் கம்பியில் விரித்துக்கொண்டிருந்தார்.

"வேலி நல்லாத்தான் கிடக்கு புள்ள. யானைக்கு அடிக்கிற கரண்டுப் பெட்டி எப்ப வரும்?"

மேர்சி வரம்பில் நின்றபடி தொலைபேசியில் நாற்பது பணிகளையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். முழுக்க முடிந்த பிறகு கரண்ட் கொடுப்பதென்று ஒரு வருடமாக எல்லோரும் பேசியிருந்தார்கள். அதை ஒரு பணியாக எழுத மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும்தான். நாற்பத்தோராவதாகக் கரண்ட் என்று எழுதி, சிவப்பாக்கி, தன் பெயரைப் போட்டாள்.

சாறன் பின்னேரத்துக்குள் காய்ந்துவிட்டது.