துப்பாக்கிக் கூறு

அன்று காலை இருந்தவர்கள்: மணியம், அறுபத்து மூன்று வயது, லைசென்ஸ் துப்பாக்கிக்காரர். யாகப்பன், செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவன். சந்திரன், தோட்டத்தில் உரம் போடுபவன். தேவன், பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் பார்ப்பவன். நாய் இரண்டு.

இதுதான் போலீஸ் கோப்ரல் அமிர்தலிங்கத்திடம் தேவன் கொடுத்த பட்டியல். யாகப்பனின் இடுப்பில் இருந்ததை அவன் சொல்லவில்லை. பெர்மிட் இல்லாத பிஸ்டலுக்கு இந்த நாட்டில் வருஷக்கணக்கில் சிறை, அதற்கு மேல் பிரம்படி. அது தெரியாதவன் பகா ஊரில் யாரும் கிடையாது.

பன்றிதான் ஆரம்பித்தது. தோட்டத்து எல்லையில் தேவனுக்கு மூன்று ஏக்கர். ஒரு வயதுச் செம்பனங்கன்றுகள். ஒரே வாரத்தில் நாற்பது கன்றைக் குருத்தோடு பிடுங்கித் தின்றுவிட்டுப் போயிருந்தது. மணியத்துக்குத் தோட்டாவை எண்ணித்தான் கொடுப்பார்கள், சுட்ட வெற்றுக் குழாயையும் திருப்பிக் காட்ட வேண்டும். கையில் இருந்தது நான்கு. அதனால் இன்னொரு துப்பாக்கி இருந்தால் நல்லது என்று யாகப்பன் சொல்லிக்கொண்டே இருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் ஒரு பிஸ்டலோடு வந்து நின்றான்.

“நாட்டு எல்லைப் பக்கத்து ஆளு ரெண்டு காட்டுனான் மாமா. ஒண்ணு முப்பத்தெட்டு, சுத்துற ரகம், ஆறு குண்டுதான். இது ஒம்பது எம்எம். பதினஞ்சு போகும்லா. இதையே எடுத்துட்டேன்.”

மணியம் அதைத் தொடவில்லை. “பதினஞ்சு கொசு கடிச்சா பன்னி செத்துருமா?”

“மானுக்கு?” என்றான் சந்திரன்.

“மானுக்குப் போதும். நெஞ்சுல வாங்கிட்டு ஓடும், எங்கயாவது விழும். அதுக்கு வனவிலங்கு இலாகாக்காரன் தனியா ஒரு கேஸ் போடுவான். பன்னி ஓடாது, வரும். ஆம்பளப் பன்னிக்குத் தோள்பட்டையில தேங்கா மட்டை கணக்கா தோல் தடிச்சிருக்கும். மேல சேறு காஞ்சு கெடக்கும். குட்டிக் குண்டு அதுல போயி ஒக்காந்துக்கும். முப்பத்தெட்டா இருந்தாலும் அதே கததான். உசுரு மேல ஆச இருந்தா நீளத் துப்பாக்கி எடு.”

“நீளத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் யாரு தருவா? ஒங்க மாமனாரா?”

எல்லோரும் சிரித்தார்கள். தேவன் சிரிக்கவில்லை. “யாகப்பா, அத லாரியிலயே வச்சிட்டு வா.”

“பயமா இருந்தா வீட்டுக்குப் போயி ஒம் பொண்டாட்டி பஞ்சாலைக்கு வெங்காயம் உரி மச்சான்.”

போயிருக்கலாம். நாற்பது கன்று கண்ணில் நின்றது. போகவில்லை.

தேவனும் சந்திரனும் நாய்களோடு புதருக்குள் இறங்கிக் கத்திக்கொண்டே கலைத்தார்கள். மணியம் வாய்க்கால் முனையில் காத்திருந்தார். மேட்டுப் பக்கத்து இடைவெளியில் யாகப்பன். பன்றி மேட்டைத் தேர்ந்தெடுத்தது. பட்பட்டென்று ஐந்து சத்தம், தகரத்தில் ஆணி அடிப்பது போல. சாய்ந்த மாதிரி இருந்தது, பிறகு திரும்பியது. பின்னால் வந்துகொண்டிருந்த சந்திரனுக்கு ஒதுங்க இடமில்லை. முழங்காலுக்கு மேலே புகுந்த கோரைப்பல் இடுப்பு வரை கிழித்துக்கொண்டு போனது. மணியம் மூச்சு வாங்க ஓடி வந்து, பன்றியின் காதுக்குப் பின்னால் ஒரே ஒரு தோட்டா வைத்தார். முடிந்தது.

சந்திரன் அப்போது பேசிக்கொண்டுதான் இருந்தான். சிகரெட் கேட்டான். தொடையைச் சட்டையால் இறுக்கிக் கட்டி லாரியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ் நிற்கும் என்று யாகப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. பிஸ்டலை உருவி தேவனின் மோட்டார் சைக்கிள் கூடைக்குள் போட்டுவிட்டு லாரியை எடுத்தான். தேவன் வேண்டாம் என்று சொல்வதற்குள் லாரி வளைவு தாண்டிவிட்டது.

மிஞ்சிய இருவரும் பன்றியை அறுத்தார்கள். தோள்பட்டைக் கொழுப்பில் மூன்று குண்டுகள் மாட்டியிருந்தன. தேவன் எலுமிச்சை விதையைப் பிதுக்குவது போலப் பிதுக்கி வாய்க்காலில் எறிந்தான். மணியம் செம்பனை மட்டை மேல் கூறு போட்டார். ஆளுக்கு ஒன்றாக நான்கு. துப்பாக்கிக்கு ஒன்று. அது தோட்டத்து வழக்கம். துப்பாக்கி இருக்கிற வீட்டுக்கு இரண்டு கூறு போகும். பிறகு ஆறாவதாக ஒன்றை வைத்தார்.

“இது யாருக்கு?”

“ஒன் கூடையில கெடக்குதே, அதுக்கு.”

“அதுவா? அது என்னா கிழிச்சுது?”

“ரத்தம் பாத்துருச்சு. கூறு குடுக்காத துப்பாக்கி அடுத்தவாட்டி நம்ம ஆளுங்களையே தேடும். எடுத்துட்டுப் போ.”

வழக்கத்தோடு யார் வாதாடுவது? இரண்டு பையோடு வீட்டுக்குப் போனான். பிஸ்டலைத் துணியில் சுருட்டிக் குளியலறைக் கூரைக்கு மேல் செருகினான். அது என்ன என்று பஞ்சாலையிடம் சொல்லவில்லை.

நான்காம் நாள் சிரம்பான் ஆஸ்பத்திரியில் சந்திரன் செத்தான். புண் அழுகிவிட்டது என்றார்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போது, பிஸ்டலை வந்து எடுத்துக்கொள் என்றான் தேவன். இரண்டு நாள் பொறு, விற்றவனே வாங்கிக்கொள்வான் என்றான் யாகப்பன். ஆற்றில் எறிந்துவிடலாம் என்று தேவனுக்குத் தோன்றியது. அடுத்தவன் பொருளாயிற்றே என்றும் தோன்றியது. எறியவில்லை.

மறுநாள் மத்தியானம் கோப்ரல் வந்தார். மரணம் என்பதால் வாக்குமூலம், வேறொன்றுமில்லை. அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான், ரெம்பாவ் பக்கம். மணியத்தின் வீட்டில் வெற்றுக் குழாய் ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். தேவன் பட்டியல் சொன்னான், எழுதிக்கொண்டார். ஒரு தோட்டா, ஒரு பன்றி, எல்லாம் பொருந்தியது. பேனாவை மூடி எழுந்தார்.

“ஐயா, ஒரு நிமிசம்,” என்று பஞ்சாலை சமையலறையிலிருந்து வந்தாள். கையில் உறைந்த பை இரண்டு. “ஆளக் கொன்ன பன்னி. எனக்கு வீட்டுல வச்சிருக்கவே புடிக்கல. இவரு தூக்கிப் போடவும் மாட்டேங்கறாரு. ரெண்டு கூறு வந்துச்சு, நீங்களாச்சும் கொண்டு போங்க.”

கோப்ரல் பைகளைப் பார்த்தார்.

“ரெண்டா?”

“ஆமாங்கய்யா.”

“மணியம் வீட்டுலயும் ரெண்டு இருந்துச்சே. அவருக்கு ஒண்ணு, துப்பாக்கிக்கு ஒண்ணு. சரி.” அவர் தேவன் பக்கம் திரும்பினார். “எங்கப்பாவும் பன்னிக்குப் போனவருதான் தம்பி. ஒனக்கு எதுக்குலா ரெண்டு?”

சந்திரனின் கூறு என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் அவனுக்குத் தோன்றியது, ஆனால் காலம் கடந்து தோன்றியது. அதற்குள் அவன் கண் குளியலறைப் பக்கம் போய் வந்துவிட்டது. கோப்ரலின் கண்ணும் போனது.

வாய் திறக்கக் கூடாது என்று தேவன் இத்தனை நாளாகத் தனக்குத் தானே சொல்லி வைத்திருந்தான். கோப்ரல் கூரையிலிருந்து துணிச் சுருளைக் கீழே இறக்கிய நொடியில், “யாகப்பனோடது, என்னோடது இல்ல” என்று கத்தினான். பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்கும். பஞ்சாலை பைகளோடு அப்படியே நின்றாள். பனி உருகி அவள் பாதத்தில் சிவப்பாகச் சொட்டியது.

“அவனையும் கூட்டிட்டு வருவோம்,” என்றார் கோப்ரல். “கெடச்சது ஒன் கூரையில.”

போலீஸ் நிலையமான பாலாயில் இடுப்பு வாரைக் கழற்றச் சொன்னார்கள். செருப்பையும். பிஸ்டலை மேசைமேல் பிரித்து எண்ணினார்கள், இன்னும் பத்துக் குண்டு இருந்தது. “இதை வச்சா பன்னி?” என்று மலாய்க்காரப் போலீஸ் ஒருவன் சிரித்தான். தேவனின் தோளில் கை வைத்து உள்ளே தள்ளினார்கள். கம்பிக் கதவு சாத்தப்பட்டது. சாவி இரண்டு சுற்று சுற்றியது. பூட்டியிருக்கிறதா என்று வெளியிலிருந்து ஒரு கை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனது.