ரக்னாவின் ஆமா

வாயைத் திறந்தால் 'ஆமா' வந்துவிடுமே என்று ரக்னா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, வலக்கை விழுந்து, பேச்சும் போய், மிஞ்சியது அந்த ஒரே சொல்தான். தலையை ஆட்டி மறுக்கலாமே என்பீர்கள். பக்கவாட்டில் ஆட்ட நினைத்தால் தலை மேலும் கீழுமாக ஆடுகிறதே, என்ன செய்வாள்?

மருத்துவமனை அறையின் மேசையில் காப்பி, வாஃபிள், பழுப்புப் பாலாடைக்கட்டி. எதிரே மகன் ஏய்வின். பக்கத்தில் நகராட்சியிலிருந்து வந்த பெரித், முதியோர் இல்லத்துக்கான விண்ணப்பத்தோடு.

"ரக்னா, இல்லத்துல நல்ல ரூம் ஒண்ணு காலியா இருக்கு. ஜன்னலத் தெறந்தா கடல்தான். போறீங்களா?"

மாட்டேன், மாட்டேன் என்று உள்ளே கத்தினாள். "ஆமா" என்றது வாய்.

"வீட்ட வித்துரலாமாம்மா?" என்றான் ஏய்வின்.

"ஆமா. ஆமா." கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது.

ஏய்வின் சிரித்தான். "எங்கம்மாவா இது! வாசல்ல பனி வாரக்கூட என்ன விடமாட்டாங்க. இவ்ளோ சுலபமா ஒத்துக்கிறாங்க!"

பெரித் விண்ணப்பத்தை மேசையில் வைத்துப் பேனாவைத் திறந்தாள்.

பேச்சுப் பயிற்சி தரும் இங்வில் அப்போதுதான் ஈரக் கோட்டோடு வந்தாள். "படகு லேட்டு. அதுக்குள்ள ஆரம்பிச்சிட்டீங்களா?" ரக்னாவின் முகத்தைப் பார்த்ததும், வாஃபிளுக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம். ரக்னா, உங்க பேரு பெரித்தா?"

"ஆமா."

"நாம இப்ப படகுலயா இருக்கோம்?"

"ஆமா."

ஏய்வினின் சிரிப்பு நின்றுபோனது. "அப்ப இத்தன நாளா நான் கேட்டதுக்கெல்லாம்..."

"அவங்களுக்கு எல்லாம் புரியுது. வாய்தான் அவங்க பேச்சக் கேக்க மாட்டேங்குது."

இங்வில் பையிலிருந்து இரண்டு படங்களை எடுத்து மேசையில் வைத்தாள். ஒன்று ரக்னாவின் வீடு, இன்னொன்று இல்லம். "எங்க இருக்கணும்? கையால காட்டுங்க."

இந்த இடக்கையும் ஏமாற்றிவிட்டால்? விரல் மெல்லப் போய் வீட்டின் மேல் நின்றது. தெரிந்துதான் காட்டுகிறாளா என்று பார்க்க, இங்வில் படங்களை இடம் மாற்றி வைத்தாள். பாழாய்ப்போன கை பழைய பக்கமே போய், இல்லத்தின் மேல் நின்றுவிட்டது! கையை மேசையோடு இழுத்து, காப்பிக் கோப்பையை விண்ணப்பத்தின் மேல் கவிழ்த்து, எப்படியோ வீட்டுக்கே கொண்டுவந்து சேர்த்தாள்.

மறுபடி மாற்றினாள் இங்வில். இந்த முறை விரல் நேரே வீட்டுக்குப் போயிற்று.

"தனியா இருக்கிறப்போ விழுந்துட்டா யாரக் கூப்பிடுவம்மா?" ஏய்வின் கேட்டான். "எப்படிக் கூப்பிடுவ?"

அவளுக்கும் அதே பயம்தான்.

"அதுக்கும் ஒரு வழி பாக்கணும். ஆனா அது வேற கேள்வி" என்றாள் இங்வில்.

பெரித் தயங்கினாள். "அப்போ இந்த விண்ணப்பம் வேணாம்னு எடுத்து வெச்சிரட்டுமா?"

"ஆமா" என்றாள் ரக்னா.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த ஆமாவை நம்புவதா, வேண்டாமா? ரக்னா காத்திருக்கவில்லை. காப்பியில் நனைந்த விண்ணப்பத்தை இடக்கையால் தள்ளிக்கொண்டே போய், பெரித்தின் மடியில் விழவைத்தாள்.